பொழுது போகாத ஸ்டேஷன் மாஸ்டர் எழுதுவது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்து ரயில்வே நடத்திய மாத இதழைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஒரு ரயில்வே இலாகா 1926 முதல் 1940 வரை வரலாறும் பயணக் கட்டுரையும் நகைச்சுவையும் போட்டுப் பத்திரிகை நடத்தியது, ஜேம்ஸ் கோவன், ராபின் ஹைட் போன்றவர்கள் அதில் எழுதினார்கள் என்பதெல்லாம் நல்ல சங்கதி. கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் நம் ஊருக்கு வந்தார். நம் ரயில்வே இதழ்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் பொழுது போகாத ஸ்டேஷன் மாஸ்டர்களாம். அந்த ஒரு வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது.

எங்கள் காலத்தில் ஒற்றைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனின் இரவுப் பணி எப்படியிருக்கும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்க வேண்டும். அதற்கு அத்தாட்சியாக அவர்கள் சொல்லும் பிரைவேட் நம்பரை ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். வண்டி அந்தப் பாதையில் போகலாம் என்பதற்கு அடையாளமாக வளையத்தில் வைத்த டோக்கன், நிற்காமல் போகும் வண்டியின் டிரைவர் கையில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். எதிர்வண்டிக்கு வழிவிட்டு கிராசிங்குக்கு நிற்கும் வண்டியிலிருந்து ஜன்னலுக்கு ஒரு கேள்வி வரும், அதற்கும் நாங்கள்தான் பதில். இதற்கிடையில் பொழுது போகாமல் இருப்பது எப்படி என்று கட்டுரையாளர் நேரில் வந்து சொல்லிக்கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். நாங்கள் எழுதியதெல்லாம் பகலில், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு.

நான் முதலில் எழுதியது மயிலாடுதுறை–தரங்கம்பாடி கிளைப்பாதையைப் பற்றி. 1926-ல் திறந்து, 1986-ல் நிறுத்தப்பட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அனுமதி வாங்கினாயா என்று கேட்டார் மேலதிகாரி. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு முன் அனுமதி வேண்டாம் என்று 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். விதி தெரிந்த ஸ்டேஷன் மாஸ்டரை எந்த அதிகாரிக்குப் பிடிக்கும்? கட்டுரை முறையான வழியில் மேஜை மேஜையாகப் போய், டீக்கறையோடு திரும்பி வந்தது. அப்புறம் ஒரு சிறு மலரில் அச்சானது, என் இனிஷியலை மாற்றிப் போட்டு!

அதையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. ரயில்வே அமைச்சகம் 1956 முதல் ஆங்கிலத்தில் 'இந்தியன் ரயில்வேஸ்', 1960 முதல் இந்தியில் 'பாரதிய ரயில்' என்று மாத இதழ் நடத்துகிறது. நல்லது, நடத்தட்டும். தண்டவாளத்தைச் சோதித்தபடி சுத்தியலோடு நடக்கும் கீமேனுக்குத் தெரிந்ததை அவர் தமிழில் சொன்னால் எங்கே போடுவது? 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியதைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்த வேலையை நடத்திய பொறியாளர் ஸ்ரீதரன் பெயரைச் சொல்கிறார்கள். சொல்லவேண்டியதுதான். கடலில் கிடந்த கர்டர்களை, பாலத்தின் இரும்பு உத்தரங்களை, தேடி எடுத்துத் திரும்பப் பொருத்திய கைகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாதா? தாங்கள் பாம்பன் சிறப்பிதழ் போட்டபோதும் இதையே எழுதியிருந்தேன். கடிதத்தை நான்கு வரியாக்கி, 'கட்டுரை அருமை' என்பதை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றியிருந்தீர்கள்.

இன்னொன்று. கட்டுரையாளர் புகழ்கிற அந்த நியூசிலாந்து இதழும் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்குமாகத் தொடங்கியதுதான். பெரிய பெயர்கள் பிற்பாடு வந்தார்கள். வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகம் எல்லா இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதால்தான் கட்டுரையாளர் இங்கிருந்தபடியே படித்து வியக்க முடிகிறது. நாங்கள் எழுதியவற்றை அப்படி யாரும் ஏற்றி வைக்கவில்லை. வீடு மாறும்போது எடைக்குப் போட்டதுபோக என்னிடமே ஒன்றிரண்டுதான் மிச்சம்.

கட்டுரையோடு நம் ரயில்வே இதழ்கள் சிலவற்றின் அட்டைப் படங்களை அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகவே அவை யாரிடமோ இருக்கின்றன. அவற்றின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பச் சொல்ல முடியுமா? எங்கள் கோட்டத்துக்காரர்கள் யார் யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் செலவையும் தபால் செலவையும் கொடுத்துவிடுகிறேன்.

கடிதம் நீளம் என்றால் வழக்கம்போல வெட்டிக்கொள்ளுங்கள். கட்டுரையை ரசித்தேன் என்ற முதல் வரியிலிருந்தே வெட்ட ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
திருச்சி.