விடைப் பக்கம்

மயிலாடுதுறை
17.11.2025

அன்புள்ள சுதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். உன் பிள்ளை, நம் தம்பி, பள்ளிக்கூடம் போயிருக்கிறான். போனிலேயே சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். எடுத்தால் "அப்பா, மீட்டிங்" என்கிறாய். எடுக்காத நாள்தான் இப்போது அதிகம். கடிதம் என்றால் மீட்டிங் முடிகிற வரைக்கும் மேஜைமேல் காத்துக் கிடக்கும்.

நேற்றுக் கடைமுகம், ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்கு. துலாக்கட்டத்தில் நிற்க இடமில்லை. தம்பியையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போய் முழுகிவிட்டு வந்தோம். தீபாவளிக்குத்தான் வரவில்லை, கடைமுகத்துக்காவது வருவாய் என்று அம்மா உன் தலையணை உறையைத் துவைத்துப் போட்டிருந்தாள். இன்று முடவன் முழுக்கு, இன்றைக்கு வந்தாலும் பலன் உண்டு என்று காலையில் இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டாள். சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

எழுத உட்கார்ந்தது தம்பியின் டியூஷன் விஷயமாக. காலாண்டில் கணக்கில் 31 என்று சொன்னதும் "டியூஷன் பாருங்கப்பா, பணம் அனுப்பறேன்" என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டாய். பணமும் வந்தது. போன வருஷம் அந்த ஆப்புக்குக் கட்டியதும் இப்படித்தான் வந்தது. அதில் அவன் எத்தனை வீடியோ பார்த்தான் என்பது அந்த ஆப்புக்கே தெரியாது.

முதலில் மணிக்கூண்டுப் பக்கம் மாடியில் ஒரு சென்டரைப் பார்த்தேன். வாசலில் ராமானுஜன் படம், மாலையோடு. கும்பகோணத்தில் படித்தவர் என்ற உரிமையில் நம் பக்கத்தில் எந்த சென்டருக்குப் போனாலும் அவர் மாட்டியிருக்கிறார். அவரே கல்லூரியில் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர், சென்னையில் பையன்களுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக் கொஞ்ச காலம் ஓட்டியவர் என்று அங்கே உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னேன். "அப்படியா சார், அஞ்சு சப்ஜெக்டும் சேர்த்து மாசம் 1800" என்றான். ஒரு ரூமில் 42 பிள்ளைகள். எண்ணினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் தம்பி வந்திருக்கிறானா என்பதுகூட யாருக்கும் தெரியாது. அவனுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து, நம் தெருக்கோடி அரசுப் பள்ளி கணக்கு வாத்தியார். முடியாது என்றார். 2009 கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தார். எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்? மனுஷர் பார்க்கிறார். அவர்மேல் மரியாதை கூடியது, வேலை ஆகவில்லை.

மூன்றாவதாக, பி.இ. முடித்துவிட்டு வேலை தேடுகிற ஒரு பையன். வீட்டுக்கே வந்தான். மூன்று வாரம். நோட்டைப் புரட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. எனக்கும் பெருமையாக இருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தாள்: "கையெழுத்தைப் பாருங்க, பாதி நம்ம பிள்ளையோடது இல்லை." கணக்கை அவனே போட்டுக் காட்டி "புரிஞ்சுதா?" என்பான். தம்பி "புரிஞ்சுது" என்பான். முடிந்தது. கேட்டதற்கு, "பத்தாவதுல வடிவியலும் வரைபடமும் 16 மார்க் நிச்சயம் சார், அதைப் பழக்கிடலாம், இயற்கணிதம் வரலைன்னா விட்டுடலாம்" என்கிறான். விட்டுவிட்டால் பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது? அவனுக்குச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடைசியில் கூறைநாட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் கிடைத்தார். மாதம் 700, ஐந்து பிள்ளைக்குமேல் சேர்ப்பதில்லை. முதல் நாள் என்னையும் திண்ணையில் உட்காரச் சொன்னார். தம்பியிடம் ஒரே ஒரு கணக்கு: ஏழு மைனஸ், அடைப்புக்குள் எக்ஸ் மைனஸ் மூன்று. அடைப்பை நீக்கி எழுது என்றார். இவன் ஏழு மைனஸ் எக்ஸ் மைனஸ் மூன்று என்று எழுதினான். தப்பு என்று அந்த அம்மா சொல்லவே இல்லை. "எக்ஸுக்கு அஞ்சு போட்டுப் பார்" என்றார். அடைப்போடு போட்டால் 5 வருகிறது, இவன் எழுதியதில் போட்டால் மைனஸ் 1. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிஷம் இருக்கும் சுதா, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது. அப்புறம் இவனாக, "மூணைக் கழிக்கறதைக் கழிச்சா, கூடும்ல மிஸ்?" என்றான். காலாண்டுக்கு அப்புறம் அவன் முழு வாக்கியமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு நாள் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம். ஏ பிளஸ் பி-யின் வர்க்கம் என்றால் ஏ வர்க்கம் பிளஸ் பி வர்க்கம் என்று எழுதுகிறானே, அதற்கு. பன்னிரண்டைப் பத்தும் இரண்டுமாகப் பிரித்து, 144-க்கு 104-தான் வருகிறது, மீதி 40 எங்கே என்று கேட்டிருக்கிறார். சதுரத்துக்குள் இரண்டு செவ்வகத்தைக் காட்டினானாம். வீட்டுக்கு வந்து அம்மாவின் கோலமாவை எடுத்து எனக்கும் போட்டுக் காட்டினான். எழுபத்தைந்து வயதில் அது எனக்குப் புதிது. அம்மா மாவு போனதே என்று கத்தினாள்.

டீச்சர் சொல்வது, இவனுக்கு இயற்கணிதம் வராமல் இல்லை, பின்னமும் மைனஸும்தான் வரவில்லை என்று. எந்த வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தான் என்று கேட்டார். கணக்குப் போட்டேன். 2020 மார்ச்சில் மூடியது, சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பரில். நான்காம் வகுப்பு முழுக்க, ஐந்தில் பாதி, சென்னையில் உங்கள் படுக்கையறையில் போனைப் பார்த்தபடியே போயிருக்கிறது. அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டில் வேறு என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. மாப்பிள்ளை தீபாவளிக்குப் போன் பண்ணவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

"பையனோட அப்பா அம்மா?" என்று டீச்சர் கேட்டார். இரண்டு பேரும் வேலையாக வெளியூரில் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

உடம்பைப் பார்த்துக்கொள். வெளிச் சாப்பாடு வேண்டாம். நீ ஒருத்தி சம்பாதித்து, ஊர் விட்டு ஊர் போய் நிற்கிறாய், உன்கூடப் பிறந்த ரவியாலேயே அது முடியாது. அதற்காக ராத்திரி சாப்பிடாமல் படுக்க வேண்டும் என்று இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது தம்பியிடம் பேசு. அவன் கேட்பதில்லை என்பதால் அவனுக்குத் தேவையில்லை என்று ஆகிவிடாது. உன்னைப்போலவேதான் வந்திருக்கிறான்.

போன வாரம் டீச்சர் ஒரு காரியம் செய்தார். தம்பியின் கணக்குப் புத்தகத்தில் கடைசியில் இருக்கிற விடைப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டார். "வீட்ல யாரும் விடையைப் பார்த்துத் திருத்தாதீங்க. சரியான்னு அவனே போட்டுப் பார்த்துக்கட்டும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம். கூடத்தில் குண்டு பல்புக்குக் கீழே உட்கார்ந்து காரணிப்படுத்தும் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாய். நீ போட்டுக் காட்டுவாய், நான் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்து டிக் போடுவேன். அன்றைக்கு விடை வேறாக இருந்தது. திரும்பப் போடு என்றேன். அதே விடை. மூன்றாவது தடவையும் அதே விடை. "இதுதாம்பா வருது" என்றாய். அறைந்தேன். உன் மாமா வேறு வந்திருந்தார். அவர் முன்னால் மக்கு என்றேன்.

நீ அழுது தூங்கிய பிறகு புத்தகத்தை எடுத்து வைக்கப் போனேன். நீ போட்டிருந்தது பயிற்சி நான்கு. நான் பார்த்தது பயிற்சி ஐந்தின் விடை. உன்னுடையது சரி. நின்றுகொண்டே மூன்று தடவை பார்த்தேன், சரிதான்.

காலையில் சொல்லியிருக்கலாம். சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். சாயங்காலம் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் வந்து போய்விட்டது. சொசைட்டியில் 31 வருஷம் கணக்கு எழுதினேன், ஒரு பைசா இடிக்காது, அதை வைத்து எனக்குக் கணக்கு தெரியும் என்று வீடே நம்பியது. எனக்கு இயற்கணிதம் தெரியாது சுதா. எஸ்.எஸ்.எல்.சி.யில் 38 வாங்கியவன். பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உன்னைத் திருத்தினேன்.

அதற்கப்புறம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் போட்டுக் காட்டவில்லை. அம்மா டியூஷன் வைக்கச் சொன்னாள், 60 ரூபாய். பொட்டப்பிள்ளை இருட்டிய பிறகு எங்கே போவது என்றேன். இரண்டு வருஷம் கழித்து ரவிக்கு 150 கொடுத்தேன். நீ மூன்றாவது குரூப் எடுத்தபோது, அவளுக்குக் கணக்கு வராது என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னவன் நான்தான்.

இதை எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தம்பியை ஆறு மணிக்குக் கொண்டுபோய் விடுகிறேன், ஏழரைக்கு அழைத்து வருகிறேன். மழை நாளில் ஆட்டோ. அவன் நோட்டை நான் தொடுவதில்லை. டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவு. வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ரேங்க் கார்டில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். தாத்தா போடுவதென்றால் பெற்றோரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். இரண்டு பேரும் எழுத வேண்டியதில்லை. நீ மட்டும் எழுதினால் போதுமாம், விசாரித்துவிட்டேன்.