சிமுலேஷன் பாஸ் ஆகிவிட்டது, அப்புறம்?
வி.எல்.எஸ்.ஐ. பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியலுக்கும் வி.எல்.எஸ்.ஐ. எனும் சிப் வடிவமைப்புக்கும் பாடத்திட்டம் வகுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நானும் இங்கே ஒரு கல்லூரியில் படித்தவன்தான். பதினேழு வருடமாகச் சிப்களை டெஸ்ட் செய்வதே பிழைப்பு.

போன மாதம் வேலைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்திருந்தேன். நல்ல பையன் ஒருவன் வந்தான். நான்கு பிட் கூட்டல் சுற்றைப் பலகையில் மளமளவென்று வரைந்தான், சுற்றை விவரிக்கும் மொழியான வெரிலாக்கிலும் எழுதிக் காட்டினான். நடுவில் ஒரு கோட்டைத் தொட்டுக் கேட்டேன்: "தம்பி, இந்த ஒயர் தயாரிப்பில் கெட்டுப்போய் எப்போதும் 0-விலேயே நிற்கிறது. வெளியில் இருக்கும் பின்களை மட்டும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். "சார், சிமுலேஷன் பாஸ் ஆயிடுச்சே?" என்றான்.

அன்றைக்கு வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அதே இடத்தில்தான் நின்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

தயாரிப்பதற்கு முன் வடிவமைப்பைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். அது சொல்வது, நாம் யோசித்தது சரியா என்பதை. யோசனையே பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1994-இல் சிக்கலில் மாட்டிய இன்டெலின் பென்டியம் ப்ராசஸர் இருக்கிறது. வகுத்தலுக்கான அட்டவணையில் சில கட்டங்கள் விடுபட்டதற்கு இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. அதை நீங்களும் வகுப்பில் சொல்கிறீர்கள், சரி. டெஸ்ட் கேட்கும் கேள்வி வேறு. வரைபடம் சரிதான், ஆனால் கையில் இருக்கும் இந்த ஒரு துண்டு அந்த வரைபடத்தின்படிதான் வந்திருக்கிறதா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எங்கள் தொழிலில் செல்லாது. பல சிப்களைச் சேர்த்துத் தயாரிக்கும் சிலிக்கான் தகடான வேஃபர் ஒன்றிலேயே ஒரு சிப் நன்றாக இருக்கும், ஒட்டி நிற்கும் அடுத்தது ஒரு தூசியால் செத்திருக்கும். ஒவ்வொரு பருக்கையையும் நசுக்கிப் பார்த்தாக வேண்டும், அதுவும் சில விநாடிகளுக்குள்.

எல்லா உள்ளீட்டையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டு 64 பிட் எண்களைக் கூட்டும் சுற்றுக்கே 2-இன் 128-ஆவது அடுக்கு அளவு சேர்க்கைகள் உண்டு. விநாடிக்கு நூறு கோடி வீதம் போட்டாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

அதற்குத்தான் ஸ்கேன் செயின். சிப்புக்குள் ஆளுக்கு ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் ஃப்ளிப்ஃப்ளாப்களை டெஸ்ட் நேரத்தில் மட்டும் ஒரே வரிசையாகக் கோத்துவிடுவது. தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்று குடத்தைக் கை மாற்றுவார்களே, அந்த மாதிரி ஒரு முனையில் பிட்களைத் தள்ளிவிட்டால் உள்ளே ஒவ்வொன்றாக நகர்ந்து இடம் பிடிக்கும். பிறகு சாதாரண முறைக்கு மாற்றி சுற்றை ஒரு படி நகர்த்த ஒரு கிளாக் துடிப்பு தட்டுவோம். மறுபடி டெஸ்ட் முறைக்குப் போய், உள்ளே விளைந்ததை மறுமுனை வழியாக வெளியே இழுப்போம். ஐ.பி.எம். 1970-களிலேயே இந்த வழியை ஒழுங்குபடுத்திவிட்டது. இன்றைக்கும் பெரிய டிஜிட்டல் சிப்களின் டெஸ்ட் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே இழுக்க நாமே ஒரு கதவு வைத்திருக்கிறோம். சிப்புக்குள் தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவி இருந்தால்?

2004-இல் போ யாங், கைஜி வூ, ரமேஷ் கர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைச் செய்து காட்டினார்கள். டி.இ.எஸ். என்ற குறியாக்க முறைக்கான சுற்றில் தாங்கள் தேர்ந்தெடுத்த உள்ளீட்டைக் கொடுத்து, குறியாக்கம் ஒரு ரவுண்ட் ஓடியதும் நிறுத்தி, டெஸ்ட் முறைக்கு மாற்றி, பதிவேடுகளில் (ஃப்ளிப்ஃப்ளாப் தொகுப்புகளில்) இருந்ததை ஸ்கேன் வழியாக இழுத்தார்கள். எந்தப் பிட் செயினில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது பிடிபட்டதும், அரைகுறை விடைகளை வைத்துச் சாவியைக் கணக்கிட்டுவிட்டார்கள். சிப்பைக் கீறவில்லை, அமிலம் ஊற்றவில்லை.

அப்படியென்றால் டெஸ்ட் முடிந்ததும் சிப்புக்குள் இருக்கும் ஃப்யூஸை எரித்து, ஸ்கேன் கதவை நிரந்தரமாக மூடிவிடலாமா? நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படித்தான் செய்தோம், பாதுகாப்புக் குழு சொன்னது நியாயமாகவும் இருந்தது. ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து ஐந்து சிப்கள் திரும்பி வந்தன. சூடானால் மட்டும் தப்பாக நடந்துகொள்கின்றன என்று புகார். அந்த ஐந்தையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லை. கதவை மூடியவர்களும் நாங்கள்தான்.

தொழிற்சாலையில் பாஸ் ஆனதும் கதை முடிவதில்லை என்பது 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு சம்பவத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு சர்வரில், ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் கோர்களில் ஒரே ஒன்றில், 1.1-இன் 53-ஆம் அடுக்கின் முழு எண் பகுதி 156 என்று வருவதற்குப் பதில் 0 என்று வந்தது. எச்சரிக்கை இல்லை, இயந்திரம் நிற்கவும் இல்லை. கோப்பின் அளவு 0 என்று கணக்கு வந்ததால் அந்தக் கோப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போயின. கூகுள் பொறியாளர்களும் அதே ஆண்டில் தங்கள் சர்வர்களில் இப்படிப்பட்ட கோர்களைக் கண்டதாக எழுதினார்கள்.

2023-இல் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வி.எல்.எஸ்.ஐ.க்கென்றே தனிப் பட்டப்படிப்புக்கு மாதிரிப் பாடத்திட்டம் கொடுத்தது. நம் ஊரிலும் பல கல்லூரிகள் அதைத் தொடங்கின. டெஸ்ட் சில இடங்களில் விருப்பப் பாடமாக இருக்கிறது என்பதும் தெரியும். விருப்பப் பாடத்தின் கதி உங்களுக்குத் தெரியாததா, நடத்த ஆள் இல்லையென்றால் அந்த வருடம் கிடையாது. இதற்கிடையே குஜராத்தின் சானந்தில் மைக்ரான் கட்டியதும் அசாமின் ஜாகிரோடில் டாடா கட்டுவதும் என்ன ஆலைகள்? சிப்பைப் பொதிந்து டெஸ்ட் செய்யும் ஆலைகள். வேலைக்கான விளம்பரத்திலேயே பாதிப் பெயர் டெஸ்ட்.

நான் கேட்பது ஒரு கட்டாயப் பாடம், அதோடு மூன்று வார லேப். டெஸ்டர் வாங்கப் பணம் வேண்டாம். ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், லேபில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். முதல் வாரம், ஸ்கேன் வைத்த ஒரு சின்னக் குறியாக்கச் சுற்றில் ஆசிரியர் ஒரு ஒயரை ரகசியமாக 0-வில் நிறுத்திவைக்க வேண்டும். மாணவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் வாரம் அதே சுற்று, அதே செயின், ஆனால் திருட வேண்டியது சாவியை. மூன்றாம் வாரம், டெஸ்ட் முறைக்கு மாறும்போதெல்லாம் பதிவேடுகள் தாமாகவே அழியும்படி சுற்றைத் திருத்த வேண்டும். திருத்திய பிறகு முதல் வாரத்துப் பழுது இன்னும் பிடிபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கும் டெஸ்டுக்கும் சண்டை வருவது அங்கேதான், மதிப்பெண்ணையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

சுற்றும் குறிப்புகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். கேட்கும் கல்லூரிக்குச் சனிக்கிழமைகளில் நானே வருகிறேன். முதல் வாரத்தை உங்களுக்கே நடத்திப் பார்ப்போம்: பழுதை நான் ஒளித்துவைக்கிறேன், நீங்கள் தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்ட் இன்ஜினியர்