தண்ணீர் வற்றட்டும், கண்ணு

அன்பு மகனுக்கு,

நீ செய்த தக்காளிச் சட்னி மறுநாளே நுரைத்துப் புளித்துவிட்டது என்றாய். போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே "ம்... ம்..." என்கிறாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் முழுதாகப் படித்துவிடு.

நம் ஒட்டன்சத்திரம் சந்தையில் நாட்டுத் தக்காளி கிடைக்கும். சாறும் புளிப்புமாக இருக்கும். புனேயில் நீ வாங்குவது நாராயண்காவ் பக்கத்திலிருந்து வருகிற கெட்டித்தோல் ஹைப்ரிட். லாரியில் நசுங்காமல் போவதற்கென்றே வளர்க்கிற ரகம். சதை அதிகம், புளிப்பு குறைவு. சட்னிக்கு அது ஒன்றும் மோசமில்லை. அரைக் கிலோவுக்குச் சுண்டைக்காய் அளவு புளி சேர்த்தால் சரியாகிவிடும். செங்காயாக இருந்தால் இரண்டு நாள் வெளியே கூடையில் கிடக்கட்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காது, வாசனையும் போய்விடும்.

மிளகாய்க்கு அங்கே பேடகி மிளகாய் சுலபமாகக் கிடைக்கும். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் குறைவு. அதில் ஆறு, காரத்துக்குக் குண்டூர் மிளகாய் இரண்டு. எண்ணெய் நல்லெண்ணெயாக இருந்தால் நல்லது. ஆனால் விளக்கேற்றும் எண்ணெயை வாங்கி வந்துவிடாதே, பாட்டிலில் பார்த்து வாங்கு. கிடைக்காவிட்டால் கடலை எண்ணெய் போதும். வெங்காயம் வேண்டாம். வெங்காயம் போட்டால் அது அன்றைக்கே தீர்க்க வேண்டிய சட்னி.

இரண்டு கரண்டி எண்ணெயில் மிளகாயையும் எட்டுப் பல் பூண்டையும் கருகாமல் வதக்கு. நறுக்கிய தக்காளி, புளி, உப்பு போடு. உப்பை முதலிலேயே போட்டால் தக்காளி சீக்கிரம் நீர் விட்டுக் குழையும். தோல் சுருண்டு பிரிந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு அரை. சுடச்சுட மிக்சியில் போட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து சுவரெல்லாம் சட்னியாகும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான், அதை விரட்டத்தானே இத்தனை பாடு!

இதோடு முடிந்தது என்று நீ நினைத்துவிடுகிறாய். இனிமேல்தான் வேலையே. வாணலியில் மறுபடி எண்ணெய், கடுகு, உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அரைத்த விழுதைக் கொட்டிச் சின்னத் தீயில் கிளறு. முதலில் சலசலவென்று கொதிக்கும். பிறகு 'டப் டப்' என்று கையில் தெறிக்கும். பாதி மூடி வை, ஆனால் அடுப்பை விட்டு நகராதே. அதற்கப்புறம் சத்தம் அடங்கும், நிறம் ஒரு படி கருஞ்சிவப்பாகும், ஓரத்தில் எண்ணெய் கசியும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார். கோடு உடனே மூடாமல் நின்றால் இறக்கலாம். நீ தெறிக்கிற கட்டத்திலேயே அணைத்துவிட்டிருப்பாய், கண்ணு. பச்சை வாசனை அடித்ததும் மறுநாளே நுரைத்ததும் அதனால்தான்.

ஆறிய பிறகு ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வை. ஒரு வாரம் தாங்கும். உன் அறை நண்பர்கள் தோசை தொட்ட கரண்டியை உள்ளே விட்டால் நான் பொறுப்பில்லை.

விலை இறங்கும்போது இரண்டு கிலோவாகச் செய்துவிடு. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, நினைவிருக்கிறதா? அதே தக்காளியை, 14 கிலோ பெட்டி பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று இங்கே செடியிலேயே விட்டுவிடுகிற மாதமும் உண்டு. அந்த மாதிரி சமயத்தில் உன் அப்பா பெட்டி பெட்டியாக வாங்கி வந்து என் இடுப்பை ஒடிப்பார்.

அப்புறம், ஊருக்கு வரும்போது அந்தச் சின்ன மிக்சி ஜாரை எடுத்து வா. ஓரத்தில் ஒழுகுகிறது என்றாயே, ரப்பர் வளையம் போயிருக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற கடையில் மாற்றிவிடலாம்.

அம்மா