பானையிலிருந்து பெட்டிக்கு

திருச்சி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்ற வரியை சரோஜாவுக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு மரப்பெட்டி.

ஹால் டிவிக்கு சப்வூஃபர் (பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்தை மட்டும் தரும் ஸ்பீக்கர்) பெட்டி நானே செய்தேன். சிரிக்காதே. ஐடிஐ படிக்கும்போது சைக்கிள் கேரியரில் ஒரு மண்பானையைக் கட்டி எடுத்துவந்தோமே, அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து டேப்ரெக்கார்டரில் இணைத்ததும் தும் தும் என்று கேட்டதே, அதே வேலைதான். அன்று மண்ணில்தான் ஏதோ மகிமை என்று நினைத்தோம். உண்மையில் ஸ்பீக்கரின் கோன், அதாவது ஆடும் கூம்பு, முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. மூடாமல் விட்டால் பின்னால் வரும் அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்னலையைத் தின்றுவிடும், பேஸ் காணாமல் போகும். பானை செய்ததெல்லாம் பின்னலையை உள்ளே பூட்டி வைத்ததுதான்.

போர்ட் (காற்று போய்வர ஒரு திறந்த குழாய்) வைத்த பெட்டி இன்னும் கீழே இறங்கும், சத்தமும் கூடும். ஆனால் குழாயின் நீளம் சரியாக அமைய வேண்டும். அந்தக் குழாய் ட்யூன் ஆன அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி போனால் கோனைப் பிடித்துக்கொள்ள காற்று இல்லாமல் கண்டபடி ஆடும். முதல் தடவைக்கு அந்த வம்பு வேண்டாமென்று முழுக்க மூடிய பெட்டியையே எடுத்துக்கொண்டேன். நீ செய்தாலும் அப்படியே செய்.

நான் வாங்கியது பன்னிரண்டு இன்ச் டிரைவர், அதாவது பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கர். அதன் தாளில் கியூடிஎஸ் (கோனின் ஆட்டம் எவ்வளவு அடங்கி நிற்கும் என்பதைக் காட்டும் எண்) 0.40, வாஸ் (கோனைத் தாங்கும் பகுதிக்குச் சமமான விறைப்பு கொண்ட காற்றின் அளவு) 100 லிட்டர் என்று போட்டிருந்தது. ஒலிப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் எழுதியதை ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தெடுத்த கணக்கு இது. இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர்கள். பேஸ் எங்கும் மேடு தட்டாமல் வர பெட்டியில் வைத்த பிறகு அந்த கியூ 0.707 இருக்க வேண்டும். அதை 0.40-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்தால் 2.12. நூறை அதனால் வகுத்தால் 47 லிட்டர். காந்தமும் உள் குறுக்குக் கட்டைகளும் அடைக்கும் இடம் ஐந்து லிட்டர். மொத்தம் 52. கனசதுரமாகச் செய்தால் பக்கத்துக்கு சுமார் 37.4 செ.மீ.

பலகை அறுக்கும் கடையில் 37.4 என்று எழுதிக்கொடுத்தேன். 'உள்ளளவு' என்று ஒரு சொல் எழுதவில்லை. அவர்கள் வெளியளவாக அறுத்துவிட்டார்கள், தப்பு என்னுடையதுதான். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டு பக்கமும் தின்ற பிறகு உள்ளே 33.8. எல்லாம் போக மிஞ்சியது 34 லிட்டருக்கும் குறைவு, கியூ 0.8-க்குப் போய்விட்டது. கேட்டால் தொந்தி போட்ட மாதிரி ஒரு பேஸ். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சை உள்ளே நிரப்பினேன். பஞ்சு இருந்தால் காற்றுக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரியுமாம். தொந்தி பாதி குறைந்தது. அறுத்த பலகை வீணாகவில்லை, சரோஜாவின் தலையணை ஒன்றுதான் போயிற்று.

எம்டிஎஃபின் ஓரத்தில் முதலில் சின்னத் துளை போடாமல் திருகாணி ஏற்றாதே, பிளந்துவிடும். ஒட்டியதும் ஊதுபத்தி ஏற்றி மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோ. வூஃபர் ஓடும்போது புகை ஆடினால் அங்கே ஓட்டை. எனக்குப் பின்னால் வயர் நுழையும் இடத்தில் ஆடியது, சிலிகான் வைத்து அடைத்தேன்.

இவ்வளவும் செய்து சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை! பெட்டியை மூலைக்கு மூலை தள்ளிப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்ற சரோஜாவுக்கு மட்டும் நெஞ்சு அதிர்ந்ததாம். ஹாலின் நீளம் பதினான்கு அடி. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், ஹால் அதில் ஏறக்குறைய சரிபாதி. அதனால் அந்த ஒலி இரண்டு சுவரோரமும் குவிந்து, நடுவில் செத்துக் கிடக்கிறது. நான் சோபாவைப் போட்டிருந்தது கச்சிதமாக அந்த நடுவில். மூன்றடி பின்னால் தள்ளியதும் வந்தது பார், இடி! ஆம்பிளிஃபயரில் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். சோபா இப்போது வழியை மறிக்கிறது என்று வீட்டில் புகார், அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

பொங்கலுக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. உன் அம்மா வீட்டுப் பரணில் அந்தப் பானை இன்னும் உடையாமல் இருந்தால் அதையும் எடுத்துவா. எத்தனை லிட்டர் என்று தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்