பொருள்: ஏதென்ஸ் ஒருநாள் சுற்றுலா – பணத்தைத் திருப்பித் தரக் கோரி நான்காவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதென்ஸ் ஏஜென்ட்டைக் கேட்டால் சென்னை ஆபீஸைக் கேளுங்கள் என்கிறார். சென்னையில் கேட்டால் "அது ஆப்பரேட்டர் சைடு சார்" என்று போனை வைக்கிறார்கள். பணம் வாங்கியது நீங்கள். தயவுசெய்து இந்த முறையாவது முழுதாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

அக்டோபர் 11க்கு நீங்கள் கொடுத்த திட்டம்: காலை 8 மணிக்கு அக்ரோபோலிஸ் குன்றுக் கோயில்கள், பிறகு பழைய அகோரா என்ற பழங்காலச் சந்தைத் திடல், ஒலிம்பிய சீயஸ் கோயில், மாலையில் சூனியோன் முனையில் பொசைடன் கோயிலும் சூரிய அஸ்தமனமும். அக்ரோபோலிஸில் 2023 முதல் நேரம் குறித்த சீட்டு என்பது தினமும் ஆள் அனுப்பும் உங்களுக்குத் தெரியாததா? குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னே, கால் மணி பின்னே, அவ்வளவுதான். தவறினால் பணமும் வராது, நேரமும் மாற்ற முடியாது. நான்கு ஹோட்டலில் ஆள் ஏற்ற வேண்டிய வண்டியை 7.30க்கு எடுத்தால் எப்படி? வாசலுக்குப் போனபோது மணி 8.50. சீட்டு செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதியம் 3 மணிக்குப் புதுச் சீட்டு, தலைக்கு 30 யூரோ, எங்கள் கைக்காசு.

இடையில் ஆறு மணி நேரம் இருந்தது. அகோரா அங்கிருந்து இறங்கி நடக்கிற தூரம்தான். 34 தூண்களும் நிற்கும் ஹெஃபைஸ்டஸ் கோயில் அங்கே இருக்கிறது. எங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்ததோ பிளாக்கா என்ற பழைய நகரப் பகுதியில் ஒரு நினைவுப்பொருள் கடையில், இரண்டரை மணி நேரம். சீயஸ் கோயில் பஸ் ஜன்னல் வழியாக. 104 தூண்களில் மிஞ்சி நிற்பவை 15. 1852 புயலில் சாய்ந்த ஒன்று, அடுக்கிய வட்டுகள் சரிந்ததுபோல இன்றும் தரையில் கிடக்கிறது. அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கத்தானே பணம் கட்டினோம்?

அக்ரோபோலிஸிலிருந்து கிளம்பியது 5.30. சூனியோன் சுமார் 70 கிலோமீட்டர். அக்டோபர் 11 வாக்கில் ஏழு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், அதற்கும் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். 7.05க்கு நாங்கள் பார்த்தது பூட்டிய கேட். போக வர 140 கிலோமீட்டர், ஒரு பூட்டைப் பார்க்க!

அங்கிருந்தே உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். வந்த பதில்: "எல்லாம் இடிஞ்ச கோயில்தானே சார், ஒண்ணு பாத்தா என்ன, ரெண்டு பாத்தா என்ன? போட்டோ நெட்லயே இருக்கு." இந்தப் பேச்சை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அக்ரோபோலிஸின் பெரிய கோயிலான பார்த்தெனன் பெண்டெலிக்கான் மலைப் பளிங்கு, சூனியோன் கோயிலோ அதன் பக்கத்து அக்ரிலேசா பளிங்கு. பார்த்தெனனில் தூணுக்கு மேலிருந்து கீழாக 20 பள்ளக்கோடு, சூனியோனில் 16. இரண்டும் ஒன்றா? இந்தச் சுற்றுலாவை விற்கிறவர் பேசுகிற பேச்சா இது? அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கைடு விஷயத்தை விட்டுவிட்டேன். கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும். நீங்கள் அனுப்பியவரிடம் அது இல்லை. புரோபிலேயா வாசல் தாண்டியதும் வாய் திறக்கவில்லை. அங்குள்ள எரெக்தியன் கோயிலில் தாழ்வாரத்தைத் தாங்கும் ஆறு பெண் சிலைகளும் நகல்கள், அசலில் ஐந்து கீழே மியூசியத்தில், ஒன்று லண்டனில் என்று சொல்லக்கூட ஆளில்லை. பில்லில் "7 தளக் கூட்டுச் சீட்டு" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அந்தச் சீட்டையே 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இல்லாத சீட்டுக்கு எப்படிப் பணம் வாங்கினீர்கள்?

இந்த ஒரு நாளுக்காகத்தான் கிரேக்கம் வரை வந்தோம். மொத்தப் பயணமும் பாழ். எனவே இருவருக்கான சுற்றுலாக் கட்டணம் 37,000 ரூபாய், மறுபடி எடுத்த சீட்டுக்கான 60 யூரோ, விமானக் கட்டணம் மூன்றையும் தர வேண்டும். உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, நீங்களே பேசி முடித்தால் மகிழ்ச்சி. 15 நாளில் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், அடுத்து நுகர்வோர் ஆணையம்.

இப்படிக்கு,
அக்டோபர் 11 குழுவில் வந்த பயணி

இணைப்பு: பில், பயணத்திட்டம், இரண்டு அக்ரோபோலிஸ் சீட்டுகள், பூட்டிய கேட்டின் புகைப்படம் (நேரத்துடன்)