பொட்டலம் கொடுத்தோம், சேர்த்துக்கொண்டோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கும் இந்நாட்களில் சென்னையின் திருச்சபைகள் பலவும், சாலையோரம் வசிப்போருக்குப் பிரியாணிப் பொட்டலமும் போர்வையும் வழங்குவதற்குக் காணிக்கை திரட்டத் தொடங்கியிருக்கும். வடசென்னையில் ஒரு சபையின் உறுப்பினராக, ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பணியில் பங்கெடுத்து வருபவன் என்ற முறையில், எங்கள் தொண்டில் நான் கண்ட ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சக கிறிஸ்தவர்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதத்து ஞாயிறு இரவு ஒன்றில், பிராட்வே பக்கம் பூட்டிய கடையொன்றின் படியில் படுத்திருந்த முதியவரிடம் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தலைமாட்டில் இருந்த துணிப்பையைத் திறந்து காட்டினார். அன்று மாலையிலிருந்து வெவ்வேறு குழுவினர் கொடுத்துவிட்டுப் போன ஐந்து பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. “ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றீங்க தம்பி, செவ்வாக்கெழம ஒருத்தரும் வர்றதில்ல” என்றார். பிறகு காலில் சுற்றியிருந்ததை அவிழ்த்தார். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். மழைத்தண்ணீர் படாமலிருக்கப் பால் பாக்கெட் உறைகளைக் கிழித்து, சணலால் கட்டி வைத்திருந்தார். மருத்துவமனைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இரண்டு முறை போனதாகவும், “கூட யார் வந்திருக்கிறார்கள்?” என்ற கேள்விக்குச் சொல்ல ஆளில்லாததால் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

“பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள், அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்னும் மத்தேயு 25ஆம் அதிகார வசனம்தான் அந்த ஆண்டு எங்கள் நன்கொடைச் சீட்டின் தலைப்பில் அச்சாகியிருந்தது. அன்றிரவு வீடு திரும்பி அந்தச் சீட்டை மறுபடி படித்தபோது, முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டு மூன்றாவதை நாங்கள் தொடவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. போஜனம் கொடுக்க ஒரு நிமிடம் போதும், கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிடலாம். சேர்த்துக்கொள்வதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும், வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளும், நானும் முறை வைத்துக்கொண்டு அந்த முதியவருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போனோம். உடன் ஆள் இருப்பதைக் கண்டதும் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பதினோராம் நாள் நடந்தே வெளியே வந்தார். நாங்கள் செய்த சிகிச்சை ஒன்றுமில்லை. வரிசையில் நின்றோம், சீட்டு வாங்கினோம், இரவில் கட்டிலுக்கருகே உட்கார்ந்திருந்தோம், அவ்வளவே.

இப்படிப்பட்ட துணை தேவைப்படும் இடங்கள் பல இருக்கின்றன. வீடற்றவர் ஒருவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முகவரிச் சான்று காட்ட வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் குறிப்பிட்ட இடத்தில் அவர் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. இதை அறிந்தவர்கள் நடைபாதையில் மிகச் சிலரே, அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவர்கள் அவர்களிலும் குறைவு. மனநலம் குன்றித் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிலையத்துக்குப் போய் விவரம் சொல்லி, அதற்குப் பின்னும் விசாரிக்க ஒருவர் வேண்டும். ஆரவாரமில்லாமல் இதையெல்லாம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் கன்னியர் மடங்கள் உண்டு. அவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறை ஒருவருக்கு 50 சதுர அடி இடம் கேட்டது. மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்களை நடத்துகிறது, 1913 என்ற எண்ணில் தகவலும் தெரிவிக்கலாம். ஆனாலும் கூலி வேலை கிடைக்கும் சந்தையை விட்டுத் தொலைவாகப் போக முடியாதவர்களும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் காப்பகம் என்பதால் பிரிய மனமில்லாத குடும்பங்களும் நடைபாதையிலேயே தங்கிவிடுகிறார்கள். அதே தெருக்களில் நமது சபை மண்டபங்கள், ஞாயிறு பள்ளிக்கும் திருமண வரவேற்புக்கும் தவிர, இரவெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. ஆயிரம் சதுர அடி மண்டபம் ஒன்று மேற்சொன்ன கணக்கின்படி இருபது பேருக்குப் போதும். ஆண்டு முழுவதும் திறந்து வைக்க இயலாது என்பது எனக்குத் தெரியும். காவலுக்கும் கழிப்பறைக்கும் பொறுப்பாள் வேண்டும். கனமழை எச்சரிக்கை விடுக்கப்படும் வடகிழக்குப் பருவமழை இரவுகளிலாவது திறக்க முடியாதா என்பதே ஆயர்களிடமும், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் குழுக்களிடமும் நான் வைக்கும் வேண்டுகோள். மதில் சுவரை ஒட்டிப் படுத்திருப்பவரை ஆலயக் காவலாளி எழுப்பி அனுப்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்; தலைசாய்க்க இடமில்லை என்று தம்மைப் பற்றிச் சொன்ன இயேசுவை ஆராதிக்கும் நமக்கு அது தாங்கக்கூடிய காட்சியாக இருக்கலாகாது.

இன்னொன்றையும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். பொட்டலத்தோடு மதப் பிரசாரக் கைப்பிரதியை வைப்பதும், பெற்றுக்கொள்பவரை நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம். பசித்தவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறார். அந்த நிலையில் அவரிடம் ஜெபத்துக்குத் தலைகுனியச் சொல்வது நம் விசுவாசத்துக்குச் சாட்சி ஆகாது. எங்கள் முதியவர் எந்த மதத்தவர் என்று நாங்கள் கேட்கவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார்.

இம்மாதம், கிறிஸ்துமஸ் பாடல்களை வீடுவீடாகப் பாடிச் செல்லும் கீத பவனிக்காக வாலிபர்கள் இரவு பத்து மணிக்கு மேல் தெருத்தெருவாகச் செல்வார்கள். நகரம் எங்கே உறங்குகிறது என்பது தெரிகிற நேரம் அது. வழியில் காண்போரில் யாருக்குக் காயம் இருக்கிறது, யார் கைக்குழந்தையோடு இருக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்துவந்து, பண்டிகை முடிந்த பின் மீண்டும் அவர்களைத் தேடிப் போகலாம்.

எங்கள் சிறு குழு இப்போது செவ்வாய்க்கிழமை இரவுகளில்தான் போகிறது.

இப்படிக்கு,
ஒரு சபை உறுப்பினர்,
வடசென்னை.