புது மெஷின் வாங்க வேண்டாம், கலா

அல்சூர், பெங்களூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

உன் மெயில் வியாழக்கிழமையே வந்துவிட்டது. வாட்ஸப்பில் இரண்டு வரி போட்டு முடிக்க மனசு வரவில்லை, அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரின்சிபால் லேபுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கக் கொட்டேஷன் கேட்கச் சொல்லிவிட்டார் என்றாயே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை. உன் கல்லூரிப் பிள்ளைகளின் புரோகிராம் மெதுவாக ஓடுவதற்கு லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் காரணம் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இப்போது எழுதியிருக்கிற விதத்தில் அது விடிய விடிய ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறாள், வழியில் தமிழ்ச் சங்க நூலகத்தில் வார இதழ்களைப் புரட்டிவிட்டு வருவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். எனக்கு ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில்தான், மஞ்சள் லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து சில்க் போர்டு நெரிசலில் நிற்கிற கொடுமை போய்விட்டது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம். உன் பிள்ளைகள் எழுதிய ஃபைலை அப்படித்தான் முழுசாகப் படித்தேன்.

நல்ல புராஜெக்ட் கலா, உண்மையாகவே சொல்கிறேன். மூன்று கண்ணி ஊசலுக்கு லக்ராஞ்சி முறையில் இயக்கச் சமன்பாடுகளை சிம்பையை (SymPy, எழுத்துகளாகவே வைத்துக் கணக்குப் போடும் பைதான் நூலகம்) வைத்து வருவித்து, அதைக் காலத்தோடு ஓட்டி அனிமேஷன் காட்டுவது என்பது இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. கணிதம் முழுக்கச் சரியாக இருக்கிறது. நேரம் எங்கே போகிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை, அதை யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, பாடத்திட்டத்திலேயே அது கிடையாது.

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சிம்ப்ளிஃபை (simplify) என்ற சுருக்கும் கட்டளையைப் போட்டிருக்கிறார்கள். பேரைக் கேட்டால் ஏதோ சுத்தம் செய்கிற சாதாரணக் கட்டளை போலத் தோன்றும். உள்ளே அது ஒரே ஒரு வழிமுறை இல்லை. கோவையைப் பல விதமாக மாற்றிப் பார்க்கிறது, பின்னங்களை ஒன்றாக்கிப் பார்க்கிறது, சைன் கொசைன்களைச் சேர்த்துப் பார்க்கிறது, வந்தவற்றில் எது குட்டையாக இருக்கிறதோ அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சைனும் கொசைனும் நிறைந்த நீளமான கோவையை அதில் போட்டால் எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது சிம்பையின் குறை இல்லை. சைன், அடுக்குக்குறிச் சார்பு, தனி மதிப்பு எல்லாம் கலந்த கோவைகளில் ஒன்று முழுக்கப் பூச்சியம்தானா என்பதை எப்போதும் சரியாகச் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று ரிச்சர்ட்சன் என்ற கணிதவியலாளர் 1968-லேயே நிரூபித்துவிட்டார். எந்த மென்பொருளுக்கும் அந்தச் சுவர் உண்டு, காசு கொடுத்து வாங்குகிறதற்கும்தான்.

நடுவில் இருக்கும் சிம்ப்ளிஃபை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல். விடை சரிதானா, புத்தகத்தில் இருக்கிற வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அவர்கள் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு எளிய வழி இருக்கிறதே, கோணங்களுக்குக் கண்டபடி சில எண்களைக் கொடுத்து இரண்டு கோவைகளின் மதிப்பையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியதுதான். நாலைந்து தடவை பத்துப் பன்னிரண்டு தசம இடம் வரைக்கும் ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றே என்று நம்பலாம். கண்டிப்பான நிரூபணம் ஆகாது, ஆனால் பிழையை இது பிடித்துவிடும், கண் இமைப்பதற்குள் பிடித்துவிடும்.

அடுத்தது இன்னும் பெரியது. சமன்பாடுகளில் முடுக்கங்களைப் பெருக்கி நிற்கும் நிறை அணியைக் (mass matrix) குறியீடுகளோடு அப்படியே வைத்து நேர்மாறு அணி எடுத்து முடுக்கங்களுக்குத் தனித்தனிச் சூத்திரம் வருவித்திருக்கிறார்கள். மூன்று கண்ணிக்கு இது எப்படியோ முடிகிறது. எங்கள் ஆபீசில் ரோபோ கைக்கு ஆறு மூட்டு. நேர்மாறு எடுக்க அணிக்கோவை வேண்டும், ஆறுக்கு ஆறு அணிக்கோவையை விரித்தால் 720 உறுப்பு, அந்த ஒவ்வொரு உறுப்பும் ஆறு உள்ளீடுகளின் பெருக்கல், அந்த உள்ளீடு ஒவ்வொன்றுமே சைன் கொசைன் நிறைந்த ஒரு பக்கக் கோவை. பத்துக்குப் பத்து என்றால் 36,28,800 உறுப்பு. இதை யார் படிக்கப் போகிறார்கள்? சூத்திரமாகத் தேவையே இல்லாத ஒன்றுக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டு வதைக்கிறோம். நிறை அணியையும் வலப்பக்கத்தையும் மட்டும் குறியீடாக வருவித்துக்கொண்டு, ஓட்டும்போது ஒவ்வொரு கணத்திலும் கோணங்களின் மதிப்பை அதில் போட்டு, வருகிற எண் அணியை நம்பையிடம் (NumPy, எண் கணக்குக்கான பைதான் நூலகம்) கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் போதும். மூன்றுக்கு மூன்று எண் சமன்பாட்டைத் தீர்ப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை. (ரோபோக் காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். லூ, வாக்கர், பால் என்ற மூவர் 1980-ல் வெளியிட்ட நியூட்டன்-ஆய்லர் மறுதொடர் முறையில் பெரிய சூத்திரமே கிடையாது, அடி மூட்டிலிருந்து நுனிக்கு ஒரு முறை, நுனியிலிருந்து அடிக்கு ஒரு முறை, அவ்வளவுதான், மூட்டு இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகும், அதற்கு மேல் போகாது.)

அப்புறம் காலத்தை ஓட்டுகிற அந்தச் சுற்று (லூப்). ஒவ்வொரு காலப் படியிலும் சப்ஸ் போட்டு எண்ணைப் பதிலியிட்டு, பிறகு இவால்ஃப் போட்டு மதிப்பு எடுக்கிறார்கள். சிம்பை கோவையை உள்ளே ஒரு மரம் போலக் கிளை கிளையாக வைத்திருக்கிறது, சப்ஸ் அந்த மரத்தை வேர் முதல் இலை வரை நடந்து புதிதாக ஒரு மரத்தையே கட்டுகிறது, இவால்ஃப் எவ்வளவு துல்லியம் கேட்டாலும் தரக்கூடிய பொது எண்கணிதத்தில் கணக்கிடுகிறது. ஒரு தடவைக்கு இது அருமையான வசதி, ஆயிரக்கணக்கான தடவைக்கு இது தண்டனை. லேம்டிஃபை என்று ஒன்று இருக்கிறது, கோவையை ஒரே ஒரு தடவை சாதாரண நம்பைச் சார்பாக மாற்றிக் கொடுத்துவிடும், அதன் பிறகு சிம்பைக்கு அங்கே வேலையே இல்லை. கூடவே சிஎஸ்இ என்ற தேர்வையும் போடச் சொல். முதல் கோணத்துக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தின் சைன் இந்தச் சமன்பாடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது, அதைத் தனியாக எடுத்து ஒரு தடவை மட்டும் கணக்கிட்டு மற்ற இடங்களில் எடுத்து வைத்துக்கொள்ளும். கையால் கணக்குப் போடும்போது நாம் எல்லோரும் செய்வதுதான் இது.

ஒரு பிள்ளை 9.81-ஐ 981/100 என்று பின்னமாகப் போட்டு, ஆரம்பக் கோணங்களையும் பின்னமாகக் கொடுத்து, 'துல்லியம் போகாமல் இருக்க' என்று குறிப்பும் எழுதியிருக்கிறாள். அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது, அவளிடம் சொல். ஆனால் அவளுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். 2-ன் வர்க்கமூலத்துக்கு நியூட்டன் முறை: 1-ல் தொடங்கி, கையிலிருக்கும் எண்ணையும் 2-ஐ அதால் வகுத்தால் வருவதையும் கூட்டிப் பாதியாக்கு. 3/2, 17/12, 577/408, 665857/470832 என்று போகும். (577/408 சுல்ப சூத்திரத்தில் பௌதாயனர் சொன்ன அதே மதிப்பு, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.) ஒவ்வொரு படியிலும் இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிக்கின்றன. இருபதாவது படியில் தொகுதியில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள் இருக்கும். தசமத்தில் போட்டால் ஐந்தாவது படியிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கக்கூடிய பதினாறு இலக்கமும் சரியாக வந்து நின்றுவிடும். திரும்பத் திரும்பச் செய்கிற கணக்கில் சரிநுட்பப் பின்னத்தை உள்ளே விட்டால் இதுதான் நடக்கும். அதே சமயம், சமன்பாட்டை வருவிக்கிற கட்டத்தில் 9.81 என்ற தசமம் உள்ளே வரவே கூடாது, அங்கே ஈர்ப்பு முடுக்கம் ஒரு எழுத்தாகவே இருக்கட்டும். தசமம் கலந்த கோவையில் பொதுக் காரணி கண்டுபிடிப்பதும் சுருக்குவதும் குழம்பிப் போகும். எழுத்து எதுவரை, எண் எங்கிருந்து என்ற கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான் கலா இந்தத் தொழிலே. உன் பிள்ளைகள் வேறு எதையும் மறந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்.

நீ தனியாகக் கேட்டிருந்தாயே, விடை அவ்வளவு குட்டியாக இருக்கும்போது நடுவில் மட்டும் ஏன் எண்கள் ராட்சசத்தனமாகப் பெருகுகின்றன என்று. இந்தத் துறையில் எல்லோரும் காட்டுகிற ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. முழு எண் கெழுக்களோடு இரண்டு பல்லுறுப்புக் கோவைகள், ஒன்று எட்டாம் படி, மற்றது ஆறாம் படி, இரண்டிலும் சேர்த்து மிகப் பெரிய கெழுவே 21தான். யூக்ளிட் முறையில் பின்னம் வராமல் பெருக்கிப் பெருக்கி மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) கண்டுபிடித்தால் கடைசி வரியில் 35 இலக்க எண் ஒன்று வந்து நிற்கிறது. அதற்கு அர்த்தம் என்னவென்றால், இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை, மீ.பொ.வ. 1. இதைச் சொல்வதற்கா 35 இலக்கம்! காலின்ஸ் என்ற ஆய்வாளர் 1967-ல் ஒவ்வொரு படியிலும் எந்த எண்ணால் நிச்சயமாக வகுபடும் என்று கண்டுபிடித்துச் சொன்னார், அப்படி வகுத்துக்கொண்டே போனால் அந்த 35 இலக்கம் 260708 என்ற ஆறு இலக்கமாகச் சுருங்குகிறது.

அதையும் தாண்டி எனக்கு அழகாகத் தெரிவது பகா எண் வழி. கெழுக்களை எல்லாம் மட்டு 13-ல் எடுத்துக்கொள், அதாவது 13-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதே யூக்ளிட்டைப் போடு. எண் 12-ஐத் தாண்டாது. அங்கே மீ.பொ.வ. 1 என்று வருகிறது, தலைக் கெழு 13-ஆல் வகுபடாததால் அசல் கோவைகளுக்கும் 1தான் என்று முடிவு செய்துவிடலாம், கரும்பலகையிலேயே முடிகிற கணக்கு. பொதுக் காரணி இருந்தால் ஒரு பகா எண் போதாது, பல பகா எண்களில் தனித்தனியாகப் போட்டு சீன மீதித் தேற்றத்தால் ஒட்டிக்கொள்ளலாம். வெவ்வேறு வகுத்திகளுக்கு வரும் மீதியை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்கிற இந்த வேலைக்கு ஆரியபட்டர் குட்டகம் என்று முறை கொடுத்து ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகிறது. இன்றைக்கு வேகமான மென்பொருள் எல்லாம் காரணிப்படுத்தவும் அணிக்கோவை காணவும் இதே வழியில்தான் போகின்றன.

பெரிய முழு எண்கள் நிஜமாகவே வேண்டியிருக்கிற இடங்களுக்கு லேபில் ஜிஎம்பைவை2 (gmpy2) என்ற பெரிய எண் நூலகத்தை மட்டும் நிறுவச் சொல், அது இருந்தால் சிம்பை தானாகவே எடுத்துக்கொள்ளும், இலவசம். பல்லுறுப்புக் கோவைகளை நிறையப் பெருக்க வேண்டியிருந்தால் எக்ஸ்பாண்டுக்குப் பதிலாக சிம்பையிலேயே இருக்கும் ரிங் வடிவத்தில் வைத்துப் பெருக்கட்டும், அது பொதுவான மரத்தைத் தூக்கிச் சுமக்காமல் படியையும் கெழுவையும் மட்டும் வைத்துக்கொள்கிறது.

மெஷின் முக்கியமாகிற இடமும் உண்டு. உன் இன்னொரு மாணவன் குரோப்னர் அடிப்படை (பல்லுறுப்புச் சமன்பாடுகளின் தொகுப்பைத் தீர்க்க எளிதான வடிவத்துக்கு மாற்றும் முறை) போட்டுப் பார்க்கிறான் என்றாய். அது நினைவகத்தைத் தின்னும், ரேம் நிறைந்து டிஸ்க்குக்குப் போக ஆரம்பித்தால் அப்புறம் நகரவே நகராது. ஆனால் அங்கேயும் முதலில் அவன் உறுப்புகளை அடுக்கும் அகராதி வரிசையை விட்டுவிட்டு, மொத்தப் படியை முதலில் பார்க்கும் கிரெவ்லெக்ஸ் வரிசையில் போட்டுப் பார்க்கட்டும், பெரும்பாலும் அது ரொம்ப வேகமாக முடியும். தீர்வுகள் எண்ணிக்கையில் முடிவுள்ளவை என்றால் பிறகு எஃப்ஜிஎல்எம் முறையில் அகராதி வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆவேசம் என்று உனக்குத் தெரியும். சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், 'நம்மிடம் நல்ல மெஷின் இல்லை, அதனால் நமக்கு இது ஆகாது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மேக்சிமா (Maxima) என்ற இலவசக் கணித மென்பொருளின் முன்னோடியான மேக்சைமா (Macsyma) 1968-ல் எம்ஐடியில் தொடங்கியது, அன்றைக்கு அவர்களிடம் இருந்த கம்ப்யூட்டரைவிட உன் மாணவர்களின் கையில் இருக்கிற போனுக்குச் சக்தி அதிகம். அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வழிமுறைகள்தான் நான் மேலே எழுதியதில் பாதி. ஆகவே பிரின்சிபாலிடம் பேசிப் பார், ஒரே ஒரு விலை உயர்ந்த மெஷினுக்குப் பதிலாக லேபில் இருக்கிற எல்லாப் பழைய மெஷினுக்கும் ரேமும் எஸ்எஸ்டியும் போடலாமே.

ஃபைலை நான் திருத்தி அனுப்பவில்லை, பிள்ளைகளே செய்யட்டும். சிபுரொஃபைல் போட்டு எந்த வரி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று முதலில் அளக்கச் சொல், பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து எனக்கு அனுப்பட்டும். அந்தப் பின்னப் பெண்ணை நேரடியாகவே எனக்கு எழுதச் சொல். அடுத்த சனிக்கிழமை ராத்திரி நான் வீட்டில்தான் இருப்பேன், அவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிடு.

அன்புடன்,
மீனா